அந்த வசனத்தை அதிகாரத்தோடு வாசியுங்கள்: எங்கள் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சபைக் கமிட்டியின் செயலர், பொருளர், அங்கத்தினர்கள் அனைவருக்கும், தலைவராக இருக்கிற போதகர் ஐயா அவர்களுக்கும்,

போன ஞாயிறு ஆராதனை முடிவில் வாசிக்கப்பட்ட உங்கள் அறிவிப்பில் மூன்று தீர்மானங்கள் இருந்தன. வருடாந்திர வரவுசெலவுக் கணக்கு இனி சபைக் கூட்டத்தில் வாசிக்கப்படாது, வேண்டியவர்கள் அலுவலகத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறையில்) வைத்துக் காணிக்கை எண்ணுவதால் நேரமாகிறது, ஆகவே பொருளர் வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணித் தொகையைச் சொல்வார் என்பது இன்னொன்று. வரப்போகிற கமிட்டித் தேர்தலில் நிற்கிறவர்களின் பெயரை முன்கூட்டியே வாசித்து ஆட்சேபம் கேட்கும் வழக்கம் நிறுத்தப்படுகிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே வேத ஆதாரம் காட்டியிருக்கிறீர்கள்: 2 இராஜாக்கள் 12:15. ஆலய வேலைக்குப் பணம் வாங்கினவர்களிடத்தில் கணக்குக் கேளாதிருந்தார்கள், அவர்கள் உண்மையாய் நடப்பித்தார்கள் என்கிற வசனம்.

இந்தச் சபையின் ஓய்வுநாள் பள்ளியிலும் வேதபாட வகுப்பிலும் கற்பிக்கிறவர்கள் நாங்கள். எங்களில் சிலர் முந்தைய ஆண்டுகளில் சபைக் கணக்கைத் தணிக்கை செய்தவர்கள். உங்களில் யாரையும் திருடர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொல்ல எங்களிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் நாளைக்கு யாராவது அப்படிச் சொன்னால், இல்லை என்று காட்ட உங்களிடமும் ஒன்றும் மிஞ்சாது. இந்த மூன்று தீர்மானங்களும் சேர்ந்து செய்யப்போகிற காரியம் அதுதான்.

முதலில் அந்த வசனம். 2 இராஜாக்கள் 12-ஐத் தயவுசெய்து 4-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்க யோவாஸ் ராஜா முதலில் வைத்த ஏற்பாடு மிக எளிமையானது. ஆசாரியர்கள் அவரவருக்கு அறிமுகமானவர்களிடம் பணம் வாங்கி, இடிந்த இடங்களைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். யாரும் யாரையும் கேட்கவில்லை. முழு நம்பிக்கை. அதன் பலன் 6-ஆம் வசனத்தில் இருக்கிறது: ராஜாவின் 23-ஆம் வருஷம்வரைக்கும் ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. எந்த ஆசாரியனும் திருடினான் என்று அங்கே எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். திருட்டே இல்லாமல் பணம் கரைந்துபோகும், வேலை நின்றுபோகும் என்பதற்கு வேதத்தில் இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

அதற்குப் பிறகு வருகிற ஏற்பாட்டைப் பாருங்கள். யோய்தா என்கிற ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தருகே, ஜனங்கள் உள்ளே வருகிற வழியின் வலதுபக்கத்தில் வைக்கிறான். போடுகிறவர் எல்லாரும் பார்க்கிற இடம். போட முடியும், எடுக்க முடியாது. வாசலைக் காக்கிற ஆசாரியர்கள் பணத்தை அதிலே போடுகிறார்கள், ஆனால் திறக்கிறவர்கள் அவர்கள் இல்லை. பெட்டி நிறைந்ததும் அரண்மனையிலிருந்து ராஜாவின் சம்பிரதியும் (கணக்கு எழுதுகிறவரும்), ஆலயத்திலிருந்து பிரதான ஆசாரியனும் வந்து, இரண்டு பேருமாக எண்ணிப் பைகளில் கட்டுகிறார்கள். எண்ணின பணம்தான் வேலையை விசாரிக்கிறவர்களின் கைக்குப் போகிறது. அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமோ பூரிகையோ செய்யப்படவில்லை என்று 13-ஆம் வசனம் சொல்கிறது. எதற்கென்று வாங்கினார்களோ அதற்கு மட்டும் செலவு. குற்றநிவாரண பலிக்கும் பாவநிவாரண பலிக்கும் வந்த பணம் இதில் சேர்க்கப்படவில்லை, அது தனிக்கணக்கு என்று 16-ஆம் வசனம் சொல்கிறது.

இத்தனை வேலிக்கும் நடுவில் நிற்கிறது உங்கள் 15-ஆம் வசனம். அங்கே கணக்குக் கேட்கப்படாதவர்கள் யார்? எண்ணிக் கட்டின பணத்தை வாங்கி, தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் கூலி கொடுத்த மேற்பார்வைக்காரர்கள். காணிக்கைப் பெட்டியைத் திறந்தவர்களைப் பற்றி அந்த வசனம் பேசவே இல்லை. கணக்குக் கேட்கப்படாத அந்த மேற்பார்வைக்காரர்களும் சும்மா இருந்துவிடவில்லை. 2 நாளாகமம் 24:14-ல், வேலை முடிந்ததும் மீதிப் பணத்தை ராஜாவுக்கும் யோய்தாவுக்கும் முன்பாகக் கொண்டுவந்தார்கள் என்று வாசிக்கிறோம். கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்கள். இந்த அதிகாரத்தைக் காட்டி, பெட்டியைத் திறக்கிற ஆள் தனியாக வீட்டில் இருந்து எண்ணலாம் என்று தீர்மானம் போடுவது எப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை.

"எங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். இந்தக் கேள்விக்கு எஸ்றா 8-ஆம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஆலயத்துக்கான பொருளைக் கொண்டுபோக வேண்டும். எஸ்றா ஆசாரியரின் தலைவர்களில் 12 பேரைத் தெரிந்துகொண்டு, அவர்கள் கையில் 650 தாலந்து (அக்காலத்துப் பெரிய நிறை அளவு) வெள்ளியையும், 100 தாலந்து நிறையுள்ள வெள்ளிப் பாத்திரங்களையும், 100 தாலந்து பொன்னையும் நிறுத்துக் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, நீங்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவர்கள் என்று அவர்களிடமே சொல்கிறார். பரிசுத்தமானவர்கள் என்று வாயால் சொன்ன அதே ஆள்தான் தராசிலும் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமுக்கு வந்து சேர்ந்த பிறகு, நாலாம் நாளில் வேறு ஆட்கள் எல்லாவற்றையும் மறுபடி எண்ணி, நிறுத்து வாங்குகிறார்கள். எல்லா நிறையும் அப்போதே எழுதப்பட்டது என்று முடிகிறது அந்தப் பகுதி. கொடுக்கும்போது ஒரு நிறை, வாங்கும்போது ஒரு நிறை, இரண்டும் எழுத்தில். அந்தப் 12 பேரில் ஒருவரும் முகம் சுளித்ததாக எழுதவில்லை.

நம் சபையில் பாதிப் பேருக்கு ரப்பர்தான் பிழைப்பு. ஷீட்டைக் கடையில் கொண்டுபோய் வைத்தால் கடைக்காரர் தராசில் போடுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ரகம் பிரிப்பார். என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. சபைப் பணத்தை நிறுத்துப் பார்க்கும்போது மட்டும் மானம் போவதாக ஏன் தோன்றுகிறது?

பவுல் அப்போஸ்தலனைவிட நம்பத்தக்கவர் நம் கமிட்டியில் இருக்கிறார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரனையும் கூட அனுப்பினார். காரணத்தையும் எழுதினார்: "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்" (2 கொரிந்தியர் 8:21). தேவனுக்குத் தெரியும் என்பது பவுலுக்குப் போதவில்லை. இன்னொரு உதாரணமும் உண்டு, சொல்லக் கசப்பானது. 12 பேர் கொண்ட ஒரு கூட்டத்தில் பணப்பை யூதாஸ் என்கிற ஒருவன் கையிலேயே இருந்தது. அதில் போடப்பட்டதை அவன் எடுத்துக்கொண்டான் என்று யோவான் 12:6 சொல்கிறது. அந்தக் கூட்டத்தை நடத்தினவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

கணக்கை வாசிப்பது பற்றி. அலுவலகத்தில் ஒட்டினால் போதாதா என்கிறீர்கள். இந்த எல்லைப் பக்கத்தில் போதாது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் பிரிந்ததிலிருந்து, ஒரே குடும்பத்தில் தாத்தாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும், பேரனுக்கு மலையாள எழுத்து மட்டும் தெரியும் என்கிற நிலைமை இங்கே சாதாரணம். பேச்சு எல்லாருக்கும் புரியும், எழுத்துதான் பிரிக்கிறது. கண் மங்கின பாட்டிமாருக்கு எந்த எழுத்தும் உதவாது. வாசித்தால்தான் எல்லாருக்கும் போய்ச் சேரும். நெகேமியா 8-ல் எஸ்றா நியாயப்பிரமாணத்தை ஜனங்கள் கேட்கக் காலைமுதல் மத்தியானம்வரை வாசித்தார், லேவியர்கள் அர்த்தத்தை விளங்கப்பண்ணினார்கள். ஒரு வருடக் கணக்கை வாசிக்க முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியாதா?

எந்த அளவுக்கு விவரமாக வாசிக்க வேண்டும் என்பதற்கும் மாதிரி இருக்கிறது. யாத்திராகமம் 38-ன் கடைசிப் பகுதி ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆராதனைக்காகச் செய்த கூடாரத்தின், கணக்கு. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் சலித்துக்கொள்கிற பகுதி, ஆனால் தணிக்கை தெரிந்தவர்களுக்கு அது விருந்து. கணக்கு எழுதினது கட்டினவர்கள் இல்லை. கட்டினவர்கள் பெசலெயேலும் அகோலியாபும். கணக்கு ஆரோனின் குமாரன் இத்தாமாருடைய பொறுப்பில். பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து 2400 சேக்கல். வெள்ளிக்கு வரும்போது வரவும் செலவும் ஒட்டுகிறதா என்று நாமே போட்டுப் பார்க்கலாம். எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர், தலைக்கு அரைச் சேக்கல், ஆக 3,01,775 சேக்கல். ஒரு தாலந்து 3000 சேக்கல் என்பதால் அது 100 தாலந்தும் 1775 சேக்கலும். அந்த 100 தாலந்தில் 100 பாதங்கள் வார்த்தார்கள், பாதத்துக்கு ஒரு தாலந்து. மீதி 1775 சேக்கலில் தூண்களுக்குக் கொக்கிகளும் பூண்களும் செய்தார்கள். ஒரு சேக்கல் குறையவில்லை, கூடவில்லை. "இதர செலவுகள்" என்று ஒரு வரி அங்கே கிடையாது. நம் கடைசி மூன்று ஆண்டு அறிக்கைகளிலும் கட்டுமான வேலைக்கு அடுத்தபடியாகப் பெரிய தொகை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் 36-ஆம் அதிகாரத்தில் மோசே இன்னொன்று செய்தார். வேலைக்குப் போதுமானதற்கு மேலே வந்துவிட்டது என்று தெரிந்ததும், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் அறிவித்தார். நம் கட்டட நிதிக்கு இலக்கு எவ்வளவு, வந்தது எவ்வளவு, இன்னும் வேண்டியது எவ்வளவு என்று வளைகுடாவில் இருக்கிற நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்றுவரை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது நன்றிக் கடிதமும் மறுபடி ஒரு வேண்டுகோளும்.

இனி, நடைமுறையில் எங்கே கோளாறு வருகிறது என்று கணக்குப் பார்த்தவர்கள் என்கிற முறையில் சொல்கிறோம். இதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை, அவசரமும் பழக்கமும்தான்.

ஞாயிற்றுக் காணிக்கையில் முதல் கோளாறு, எண்ணுவதற்கு முன்பே அதிலிருந்து எடுப்பது. மைக் செட்டுக்காரருக்கு, ஜெனரேட்டர் டீசலுக்கு, தேவசெய்தி கொடுக்க வெளியூரிலிருந்து வந்தவர் கையில் வைக்கிற கவருக்கு என்று பையிலிருந்தே கொடுத்துவிட்டு மீதியை எண்ணி எழுதினால், வரவும் குறைவாகத் தெரியும், செலவுக்கும் வவுச்சர் இருக்காது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துவிடுவதால் தணிக்கையில் அகப்படாது. வந்த முழுத் தொகையும் முதலில் வங்கிக்குப் போக வேண்டும், செலவு வங்கியிலிருந்து எடுத்த சில்லறைக் கையிருப்பிலிருந்து நடக்க வேண்டும். எண்ணுகிறவர்கள் நாலு பேர்: பொருளர் ஒருவர், கமிட்டிக்கு வெளியிலிருந்து இரண்டு பேர், பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவர். ஒரே குடும்பத்தார் இரண்டு பேர் கூடாது. கமிட்டிக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். 500, 200, 100 என்று நோட்டுவாரியாக எழுதி, கவர் காணிக்கையில் மேலே எழுதின தொகையும் உள்ளே இருக்கிற தொகையும் ஒன்றா என்று பார்த்து, வெறும் கவரைத் தணிக்கை முடியும்வரை வைத்திருக்க வேண்டும். மூன்று பிரதி, நாலு கையெழுத்து, ஒன்று போதகரிடம். பழகின நாலு பேர் உட்கார்ந்தால் அரை மணி நேரம் ஆகும். நேரமாகிறது என்று சொன்னது, எண்ண ஒரே ஆள் உட்காருவதால்தான்.

அறுவடைப் பண்டிகை லேலத்தில் (ஏலத்தில்) வேறு விதமான கோளாறு. ஒரு வாழைக்குலையை ஒருவர் லேலத்தில் பிடிப்பார், பிடித்ததைத் திரும்பக் காணிக்கையாக வைப்பார், மறுபடி அது லேலத்துக்கு வரும். சேனையும் சக்கையும் (பலாப்பழமும்) கோழியும் அப்படியே. ஒரே குலை நாலு தடவை விலைபோனால் நாலு வரி எழுத வேண்டும். கடைசி விலையை மட்டும் எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. முதல் மூன்று பேரும் கொடுத்த பணம் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. இன்னொன்று, "பிறகு தருகிறேன்" என்று சொல்லிக் கூட்டத்துக்கு நடுவில் விலையை ஏற்றிவிட்டு வருடக்கணக்கில் கொடுக்காமல் இருப்பது. அந்தப் பாக்கிப் பட்டியலில் கமிட்டிக்காரர்கள் பெயர் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். உள்ளதை உள்ளதென்று சொல்லச் சொன்ன இயேசுவின் வீட்டில் பிடித்த விலை இது.

கட்டட நிதி ரசீதுப் புத்தகங்கள். அவரவருக்கு அறிமுகமானவர்களிடம் வாங்கச் சொல்லிப் பகுதிவாரியாகக் கொடுத்தீர்கள். யோவாசின் முதல் ஏற்பாடும் இதேதான். எந்தப் புத்தகம், எந்த எண் முதல் எந்த எண் வரை, யார் கையில், எந்தத் தேதியில் என்று ஒரு பதிவேடு இருந்தால் மட்டுமே இது ஓடும். பழைய புத்தகத்தின் அடிக்கட்டையும் பணமும் திரும்பி வராதவருக்குப் புதுப் புத்தகம் தரக்கூடாது. திரும்பாத புத்தகங்கள் இருக்கின்றன, பதிவேடு இல்லை.

கூகுள் பே பற்றி ஒரு வார்த்தை. வெஸ்ட்ரிக் கதவில் ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டை ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. சபையின் பெயரில், இரண்டு கையெழுத்தில் இயங்குகிற கணக்கு இருக்கும்போது இதற்கு எந்த நியாயமும் கிடையாது. அந்த ஆள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நாளைக்கு அவருக்கு ஒரு நெஞ்சுவலி வந்தால் சபைப் பணம் வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்துக்கிடக்கும்.

இப்போது தேர்தல். பெயர்களை முன்கூட்டி வாசித்தால் வீணான பேச்சு வருகிறது என்கிறீர்கள். 1 தீமோத்தேயு 3:10 சொல்வது, "முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும்" என்று. பொறுப்புக்கு வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பு. அந்த அதிகாரத்தில் கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கிறவருக்கு, கொடுத்திருக்கிற பட்டியலில் திறமை என்று சொல்லத்தக்கது போதகசமர்த்தன் (போதிக்கத் திறமையுள்ளவன்) என்பது ஒன்றுதான்; உதவிக்காரரின் பட்டியலில் அதுவும் கிடையாது. மற்றதெல்லாம் குணம். குரல்வளம், கையில் ஓடுகிற பணம், குடும்பத்தின் பெருக்கம், எந்தப் பகுதிக்காரர் என்பது எதுவும் அதில் இல்லை. நாம் ஓட்டுப் போடுவது இந்த நான்குக்கும்தான்.

குணத்தை எப்படிச் சோதிப்பது என்று கேட்கலாம். பவுல் எழுதினது ஒவ்வொன்றும் விசாரித்தால் தெரியக்கூடியது. புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்றால், சபைக்கு வெளியே விசாரிக்க வேண்டும்: பலசரக்குக் கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம், சந்தையில் மீன் விற்கிற அம்மா. கடன் வாங்கினால் கொடுக்கிறாரா? ரப்பர் வெட்டுகிறவருக்கும் அண்டி (முந்திரிக்கொட்டை) உரிக்கிற பெண்களுக்கும் கூலி நாள் தவறாமல் போகிறதா? பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4-ல் எழுதியிருப்பதால் இந்தக் கேள்வி கட்டாயம். மதுபானப்பிரியன் கூடாது என்றால், பாறசாலையில் தெரிந்தவர் பார்ப்பார் என்று எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருகிறவரும் அதில் அடக்கம். எல்லை மாநிலத்துக்குத்தான், வசனத்துக்கு இல்லை. அடிக்கிறவன் கூடாது என்றால் வீட்டுக்குள்ளேயும்தான். நூதன சீஷன், அதாவது புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவன், கூடாது என்பதற்குக் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார், இறுமாப்பு வரும் என்று. மூன்று மாதத்துக்கு முன் சபைக்கு வந்த பணக்காரரைப் பொருளராக்கத் துடிக்கிறவர்கள் அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

வீண்பேச்சுக்கும் வழி சொல்லியிருக்கிறது. மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக்கூடாது என்பது 1 தீமோத்தேயு 5:19. ஆகவே மொட்டைக் கடுதாசி குப்பைக்குப் போகட்டும். எழுத்தில், கையெழுத்தோடு, இரண்டு சாட்சியோடு வருகிற ஆட்சேபத்தை மட்டும் விசாரியுங்கள். விசாரிக்கிறவர்கள் இந்தச் சபையின் கமிட்டிக்காரர்களாக இருக்கக்கூடாது. போதகர் ஐயாவும் பக்கத்துச் சபைகளின் மூப்பர் இரண்டு பேரும் போதும். பாரபட்சம் பாராமல் செய்யச் சொல்கிறது 21-ஆம் வசனம். உங்கள் தீர்மானம் வீண்பேச்சை நிறுத்தாது. பேச்சு கூட்டத்திலிருந்து டீக்கடைக்கு இடம் மாறும், அங்கே சாட்சியும் கேட்கமாட்டார்கள், பதில் சொல்ல உங்களுக்கு இடமும் இருக்காது.

சபை வேலைகளை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் இதில் சேரும். எருசலேமின் மதிலைக் கட்டுவித்த நெகேமியா 12 வருஷம் அதிபதியாயிருந்து அதிபதியின் படியை வாங்கவில்லை. முந்தைய அதிபதிகள் 40 சேக்கல் வெள்ளி வாங்கினதும், அவர்களுடைய வேலைக்காரர்கூட ஜனத்தின்மேல் அதிகாரம் செலுத்தினதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. மதில் கட்டுகிற காலத்தில் நாங்கள் ஒரு வயலையும் வாங்கவில்லை என்கிறார் (நெகேமியா 5:16). கட்டுமானம் நடக்கும்போது தன் பெயரில் ஒன்றும் சேர்க்காதது ஒரு தலைவன் காட்டக்கூடிய நல்ல சாட்சி. நம் ஆலயத்தின் பெயிண்டிங் வேலை ஒரு கமிட்டி அங்கத்தினரின் மைத்துனருக்கு, வேறு யாரிடமும் விலை கேட்காமல் போனது. வேலை நன்றாகத்தான் இருக்கிறது. விலை நியாயமா என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலை இல்லை.

கடைசியாக, எங்களை மிகவும் வருத்தின காரியம். போன ஆண்டுக் கூட்டத்தில் கணக்கில் கேள்வி கேட்ட சிலருடைய பெயர்கள், சந்தா பாக்கி என்று வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. அதே அளவு பாக்கி வைத்திருக்கிற வேறு பெயர்கள் அதே பட்டியலில் இருக்கின்றன. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான். சபையில் முதன்மையாயிருக்க விரும்பினவன். அவன் துர்உபதேசம் செய்தான் என்று யோவான் எழுதவில்லை. பொல்லாத வார்த்தைகளை அலப்பினான், சகோதரரை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்ள மனதாயிருக்கிறவர்களைத் தடுத்துச் சபைக்குப் புறம்பே தள்ளினான் என்பதுதான் குற்றச்சாட்டு. ஒரு மனிதனைப் பற்றி வேதத்தில் நிலைத்துவிட்ட ஒரே தகவல் அது.

எருசலேம் சபையில் நடந்தது இதற்கு நேர் எதிர். விதவைகளுக்கான பந்தியில் தங்கள் விதவைகள் விடப்பட்டார்கள் என்று கிரேக்கர் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போயிருக்கிறது என்பதற்கு அந்தப் பெயர்கள் நல்ல அடையாளம். கேள்வி கேட்டவர்களில் இரண்டு பேரைக் காணிக்கை எண்ண உட்காரவைத்திருந்தால், நம் சபையில் பாதிச் சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. மூன்று தீர்மானங்களையும் எழுத்து மூலம் திரும்பப் பெற்று, அதை ஆராதனையில் தமிழிலும் மலையாளத்திலும் வாசியுங்கள். வருகிற ஞாயிறு முதல் காணிக்கை வெஸ்ட்ரியிலேயே, நாங்கள் சொன்ன முறையில் நாலு பேரால் எண்ணப்பட்டு, தொகை அடுத்த ஞாயிறு அறிவிக்கப்படட்டும். பணம் திங்களன்று வங்கிக்குப் போகட்டும். தனி ஆளின் பெயரிலுள்ள கியூஆர் அட்டையை இந்த வாரமே எடுத்துவிட்டு, இதுவரை அதில் வந்த தொகையின் வங்கி அறிக்கையைத் தணிக்கையாளரிடம் கொடுங்கள். கட்டட நிதியைத் தனிக் கணக்காக்கி, வெளியே இருக்கிற எல்லா ரசீதுப் புத்தகத்தையும் ஒரு மாதத்துக்குள் திரும்ப வாங்குங்கள். திருப்பாதவர்களின் பெயர் வாசிக்கப்படட்டும். லேலப் பாக்கி உள்ளவர் அதைத் தீர்க்காமல் தேர்தலில் நிற்கக்கூடாது, கமிட்டிக்காரரானாலும் சரி. கமிட்டி அங்கத்தினரின் உறவினருக்கு வேலை கொடுப்பதானால் குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, அந்த அங்கத்தினர் வெளியே இருக்கும்போது முடிவெடுங்கள். நீக்கப்பட்ட பெயர்களை உடனே சேர்த்துவிட்டு, சந்தா விதி எல்லாருக்கும் ஒன்றாகப் பொருந்தும்படி புதுப் பட்டியலை ஒட்டுங்கள். தேர்தலுக்கு முந்தின மூன்று ஞாயிறுகளிலும் நிற்கிறவர்களின் பெயரை வாசித்து ஆட்சேபம் கேளுங்கள். பழைய கமிட்டி புதிய கமிட்டிக்குப் பொறுப்பைக் கொடுக்கும்போது ரொக்கம், வங்கி இருப்பு, ஆவணங்கள், ரசீதுப் புத்தகங்கள், பாத்திரங்கள் எல்லாம் எண்ணி எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்திடட்டும்.

போதகர் ஐயா, இதில் எதையும் நீங்கள் எங்கள் பக்கம் சேர்ந்து செய்ய வேண்டாம். கமிட்டித் தலைவர் என்கிற முறையில் சபைக் கூட்டத்துக்கு நாள் குறித்து, இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக வைத்தால் போதும். வருகிற கமிட்டிக் கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் வரவில்லையென்றால், இதே மடலைக் கையெழுத்துகளோடும் இரண்டு வாக்காளர் பட்டியலின் நகல்களோடும் பேராயர் ஐயாவுக்கு அனுப்புவோம்.

கர்த்தருக்குள்,
ஓய்வுநாள் பள்ளி, வேதபாட வகுப்பு ஆசிரியர்களும்
சபையின் முன்னாள் கணக்குத் தணிக்கையாளர்களும்